தலைக்கு எத்தனை லிட்டர்?

நாகரிகம் ஆற்றங்கரையில் பிறந்தது என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. பிறந்தது அங்கேதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் அது வளர்ந்து, ஆளாகி, உச்சத்தைத் தொட்டது ஒரு வீட்டின் பின்புறத்தில், துணிக்கொடிக்கும் காற்றுப்போன மிதிவண்டிக்கும் நடுவே, ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் கொள்ளும் ஒரு வெந்நீர்த் தொட்டியில்தான். அந்தத் தொட்டி மூன்று மாதம் இரவும் பகலும் கொதிக்காமல், ஆறாமல், இதமான சூட்டில் இருந்தது. அந்த மூன்று மாதமும் ஒரு சொட்டு நீர்கூட அதில் 'பயன்படுத்தப்படவில்லை'. யாரும் அதில் குளிக்கவில்லை என்பது ஒரு சிறு விவரம். பெரிய சாதனைகளைப் பற்றிப் பேசும்போது குறுக்கே சிறு விவரங்களைக் கொண்டுவருவது பொறாமைக்காரர்களின் வேலை.

சாதனையாளர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டமிடுவதற்குச் சம்பளம் வாங்குபவர். இருபத்தாறு ஆண்டுகளாக க், ச், த், ப் என்ற நான்கு எழுத்துகளை விட்ட இடத்தில் போட்டும், வேண்டாத இடத்தில் எடுத்தும் தாய்மொழியைக் காப்பாற்றி வருகிறார். அதனால் தெருவில் அவருக்கு 'ஒற்றர்' என்று பெயர். எந்த நாட்டுக்காகவும் அவர் உளவு பார்த்ததில்லை. ஒற்றெழுத்துப் பார்த்ததற்கே இந்தப் பட்டம். ஒருமுறை சுவரில் ஒட்டியிருந்த இரங்கல் அறிவிப்பில் ஒரு 'ப்' விட்டுப்போனதைப் பார்த்துவிட்டு, இறந்தவர் வீட்டுக்கே போய் எடுத்துச் சொன்னார். அவர்கள் அப்போது இருந்த நிலையில் அந்த உதவியின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை.

அவருடைய மனைவி பேருந்து ஓட்டுபவர். தெரு முழுவதும் அவருக்கு 'டிரைவரம்மா'. பத்தொன்பது ஆண்டுகளாகப் பதினேழாம் எண் வண்டி. அந்த உயரமான இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவை மூடினால், ஊரே தனக்கு வழிவிடுவதாக அவருக்கு ஓர் எண்ணம் வரும். வீட்டில் அந்த எண்ணம் வர வாய்ப்பில்லாததால், வேலை அவருக்கு உயிர். ஆனால் பத்தொன்பது ஆண்டுகள் குண்டும் குழியுமான சாலையில் உட்கார்ந்தே போனால் இடுப்பு என்ன இரும்பா? ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கியவர் நிமிரவில்லை. நடத்துநர் பிடித்துத்தான் நிமிர்த்தினார்.

மருத்துவர் தீர்ப்புச் சொன்னார். "மருந்து மாத்திரை எல்லாம் சும்மா. தினமும் இருபது நிமிஷம் இதமான வெந்நீர்ல இடுப்பு முங்க உட்காருங்க. இல்லேன்னா அடுத்த தகுதிச் சோதனையில உங்களை ஸ்டியரிங்கை விட்டு எழுப்பிடுவாங்க."

"எழுப்பி?"

"தொலைஞ்ச பொருள் பிரிவுல உட்கார வெச்சிடுவாங்க."

டிரைவரம்மா அந்தப் பிரிவைப் பார்த்திருக்கிறார். ஜன்னல் இல்லாத அறை. பயணிகள் மறந்துவிட்டுப்போன குடைகள் நானூறு, ஒற்றைச் செருப்புகள் ஒரு மூட்டை, யாரும் தேடி வராத ஒரு பல்செட். அதற்குக் காவலாக ஒரு முன்னாள் ஓட்டுநர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். குடைகளோடு பேசுகிறார் என்று கேள்வி.

டிரைவரம்மாவின் தம்பி வெந்நீர்த் தொட்டி விற்பவன். அக்காவுக்கு ஒன்று என்றதும் அவனே கொண்டுவந்து இறக்கிப் பொருத்திவிட்டுப் போனான். உட்கார ஆசனம், இடுப்புக்கு நேரே நீரைப் பாய்ச்சும் இருபத்திரண்டு துளைகள், மேலே கனமான மூடி. முதல் மூன்று வாரம் டிரைவரம்மா வேலை முடிந்து வந்ததும் நேரே தொட்டிக்குப் போனார். மூன்றாம் வார முடிவில், யார் துணையும் இல்லாமல் குனிந்து தம் ஷூ நாடாவைத் தாமே கட்டிக்கொண்டார். அன்று ஒற்றருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. மனைவிமேல் அவருக்குப் பிரியம் அதிகம். அதை வெளியே சொல்வதில் மட்டும் எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று பயம்.

அவருடைய பிரியம் வேறு வழியாக வெளிப்பட்டது. தொட்டியின் 'பராமரிப்பு'ப் பொறுப்பை அவர் ஏற்றார்.

தொட்டியோடு அறுபத்துநான்கு பக்கத்தில் ஒரு கையேடு வந்திருந்தது. அதைத் தமிழ்ப்படுத்தியவர் தமிழை எப்போதோ ரயிலில் போகும்போது பார்த்திருக்க வேண்டும். ஒற்றர் மூன்றே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பிழைகளை வட்டமிட்டார். 'தொட்டியில் இறங்கும் முன் நன்றாகக் கொளுத்திக்கொள்ளவும்' என்று இருந்ததைக் 'குளித்துக்கொள்ளவும்' என்று திருத்தி ஓர் உயிரைக் காப்பாற்றினார். திருத்தத் திருத்தக் கையேடு அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. குளிப்பதற்கு முன் குளிக்க வேண்டும். எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தினமும் சோதனைத் தாளை நீரில் தோய்த்து, நிறம் பார்த்து, குளோரின் தூளை அளந்து போட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். வேலை முடிந்ததும் மூட வேண்டும். மூடினால் ஆவியாகும் நீர் மிச்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாராவது குளித்தாலும் குளிக்காவிட்டாலும், நீர் முழுவதையும் மாற்ற வேண்டும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நீர்த்தேக்கத்தில் நீர் முழங்காலுக்கு இறங்கியது. உடனே நீர் நிர்வாக அலுவலகம் விழித்துக்கொண்டது. விழித்ததும் ஓர் அலுவலகம் என்ன செய்யுமோ அதைச் செய்தது: ஒரு படிவம் அச்சடித்தது. 'வெந்நீர்த் தொட்டி உடைமையாளர் நீர்ப் பயன்பாட்டு விவரப் படிவம்.' அதில் ஏழாவது கேள்வி: 'தலைக்கு எத்தனை லிட்டர்?'

சாதாரண மனிதர்கள் இந்தக் கேள்வியை அரை விநாடியில் தாண்டிப் போயிருப்பார்கள். ஒற்றர் நின்றுவிட்டார். 'தலைக்கு' என்பது நான்காம் வேற்றுமை. 'கு' உருபு. கொடுப்பது, ஊற்றுவது முதலான வினைகளோடு வரும். வினையைக் காணோம். ஊற்றுவதாகத்தான் இருக்க வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தொட்டியில உட்காரும்போது தலைக்கு ஊத்திக்கிறியா?"

"எதுக்கு? அப்புறம் முடியை யாரு உலர்த்துறது? கழுத்து வரைக்கும்தான்."

"நானும் இறங்கினதே ரெண்டு நாள். தலைக்கு ஊத்திக்கல. அப்போ தலைக்குப் பூஜ்யம்."

"யாரு தலைக்கு?"

"நம்ம ரெண்டு பேர் தலைக்கும்தான்."

"உங்க தலைக்குப் பூஜ்யம்னா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டிரைவரம்மா உள்ளே போனார். ஒற்றர் கட்டத்தில் '0' என்று எழுதினார். பக்கத்தில் இருந்த 'குறிப்பு' என்ற இடத்தில், 'நீர் கழுத்தளவே. கேள்வியில் வினை விடுபட்டுள்ளது. திருத்துக' என்று சிவப்பில் சேர்த்தார். 'குறிப்பு' என்ற பகுதியை எந்த அலுவலகமும் படிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. அச்சகத்தில் அவர் எல்லாவற்றையும் படிப்பவர்.

படிவங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தன. ஒருவர் தொண்ணூறு என்று எழுதியிருந்தார், ஒருவர் இருநூற்றுப் பத்து. ஒருவர் 'தலைக்கு மேல் போய்விட்டது' என்று எழுதியிருந்தார். இவற்றை எல்லாம் புரட்டிக்கொண்டு வந்த சிக்கன அதிகாரி, ஒற்றரின் படிவத்தைக் கண்டதும் எழுந்து நின்றார். இருபது ஆண்டுப் பணியில் அவர் அலுவலக நேரத்தில் எழுந்து நின்றது அது இரண்டாம் முறை. முதல் முறை நாற்காலி உடைந்தபோது.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. 'ஆளொன்றுக்குச் சராசரியாகத் தொண்ணூறு லிட்டர் செலவாகும் இந்நகரில், தலைக்குப் பூஜ்யம் லிட்டரில் வெந்நீர்த் தொட்டியை இயக்கிவரும் தங்களின் தொட்டி மாதிரி தொட்டியாக அறிவிக்கப்படுகிறது.'

ஒற்றர் வழக்கப்படி முதலில் பிழை பார்த்தார். 'மாதிரி தொட்டி'யில் ஒரு 'த்' இல்லை. வட்டமிட்டார். பிறகுதான் பொருள் பார்த்தார். ஆளொன்றுக்கு. தலைக்கு. ஆளுக்கு! சுடுதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டவர்போல எழுந்து அறையைச் சுற்றி நடந்தார். இருபத்தாறு ஆண்டுகளாக ஊரார் பிழையை வட்டமிட்டவர், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரு சொல்லைத் தப்பாகப் படித்திருக்கிறார். அச்சகத்தில் தெரிந்தால் என்ன ஆகும்? தெருவில் தெரிந்தால்? அந்த இரங்கல் அறிவிப்பு வீட்டாருக்குத் தெரிந்தால்?

ஆனாலும் யோக்கியர். மறுநாளே உண்மையைச் சொல்லிவிடப் புறப்பட்டார். நீர் நிர்வாக அலுவலகத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை: 'நீர் வீணாகலாமா?' அது தண்ணீரைப் பற்றியா, உள்ளே வரும் ஆளைப் பற்றியா என்று யோசித்துச் சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

"சார், அந்தப் படிவத்துல தலைக்குன்னு கேட்டிருந்தீங்களே..."

"பூஜ்யம்!" என்றார் சிக்கன அதிகாரி. "படிச்சதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார். அதையும் வீணாக்கக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டேன்."

"அது வந்து சார், அதுல ஒரு சின்னப் பிழை..."

"எங்க கடிதத்துலயா? சொல்லுங்க, சொல்லுங்க. விருதுப் பலகை அடிக்கக் குடுக்குறதுக்கு முன்னாடி திருத்திடலாம். நீங்க மெய்ப்புத் திருத்துறவராமே! ஒரு சொல்லைக்கூடத் தப்பாப் படிக்காத மனுஷர் எங்க பட்டியல்ல இருக்கறது எங்களுக்கே பெருமை."

ஒற்றர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். தப்பாகப் படித்தேன் என்று சொல்வதைவிடத் தப்பாக நடந்துகொள்வது எவ்வளவோ சுலபம்.

"'மாதிரித் தொட்டி'யில ஒரு 'த்' வேணும்" என்றார்.

"போட்டுடறோம். அப்புறம் ஒரு சம்பிரதாயம். மூணு மாசம் கண்காணிப்புக் காலம். அந்தப் பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கான்னு பார்ப்போம். உங்களுக்கு அது என்ன பெரிய விஷயமா?"

"இல்ல சார்" என்றார் ஒற்றர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கிணற்றில் நீர் இல்லை.

அன்று மாலையே இரண்டு ஊழியர்கள் வந்து, மூடியின் நான்கு பக்கமும் காகித நாடா ஒட்டி, அரக்கு முத்திரை வைத்தார்கள். ஒரு மூலையில் மட்டும் கை நுழையும் அளவுக்கு இடம்விட்டார்கள், 'பராமரிப்பு'க்காக. 'மாதிரித் தொட்டி. இறங்காதீர்' என்று ஓர் அட்டையும் தொங்கியது. வேலை முடிந்து துண்டோடு வந்த டிரைவரம்மா அட்டையைப் படித்தார்.

"என்னங்க இது?"

"நாம நீரைச் சேமிக்கிறோம்மா."

"யாருக்கு?"

"நாட்டுக்கு."

"நாடு வந்து இதுல உட்காரப்போகுதா?"

"மூணே மாசம் பொறுத்துக்கோ."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? இடுப்புக்கிட்ட சொல்லுங்க" என்றார் டிரைவரம்மா. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஒற்றர் அட்டையில் 'மாதிரித் தொட்டி' சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். வேறு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு தொடங்கியது பராமரிப்பின் பொற்காலம். யாரும் இறங்காத தொட்டியைச் சூடாக்க வேண்டுமா என்று அற்பர்கள் கேட்கலாம். சூடாக்காவிட்டால் அது வெந்நீர்த் தொட்டி ஆகாது; தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். அது பெயர்ப் பிழை. ஆகவே முப்பத்தெட்டு டிகிரி. காலையில் எழுந்ததும் ஒற்றர் மூலை வழியாகக் கையை விட்டுச் சோதனைத் தாளைத் தோய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அச்சுக்குப் போகும் கடைசித் தாளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஞாயிறுதோறும் வடிகட்டியைக் குழாயடியில் போட்டு ஒரு மணி நேரம் கழுவுவார். யாரும் இறங்காததால் அதில் அழுக்கே இல்லை. ஆனால் அழுக்கு இருந்தால்தான் கழுவ வேண்டும் என்று கையேட்டில் எங்கும் சொல்லவில்லை.

தொட்டியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். பக்கத்து நகரங்களின் நீர் அதிகாரிகள், சிக்கன ஆர்வலர்கள், ஒருமுறை ஒரு தீயணைப்புப் படை. எல்லோரும் மூடியைச் சுற்றி நின்று, உள்ளே இருக்கும் நீரை மனக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் காலடி மண்ணைக் கழுவிவிட ஒவ்வொரு முறையும் இருபது வாளி. ஒரு கணக்குப்படி, அந்த மூன்று மாதத்தில் தொட்டியின் 'பயன்பாட்டு நீர்' பூஜ்யம். 'பராமரிப்பு நீர்' ஆறாயிரம் லிட்டருக்கு மேல். ஆனால் பராமரிப்பு நீருக்குப் படிவம் இன்னும் அச்சாகவில்லை. படிவம் இல்லாத நீர் ஓடினாலும் அது ஓடியதாகாது.

மைத்துனனுக்குத்தான் நல்ல காலம். கடை வாசலில் தட்டி வைத்துவிட்டான்: 'தண்ணீரே செலவாகாத வெந்நீர்த் தொட்டி!'

"அத்தான், உங்க புண்ணியத்துல இந்த வாரம் நாலு தொட்டி போச்சு" என்றான். "நாலு பேரும் மூடியைத் திறக்கவே மாட்டோம்னு சொல்லி வாங்கிட்டுப் போயிருக்காங்க. இனிமே ரிப்பேர்னு ஒரு பய வரமாட்டான்."

"மாப்பிள்ளை, உங்க அக்கா இடுப்பு..."

"அக்கா இடுப்புக்கு என்ன? அவங்களுக்குத்தான் தொட்டி இருக்கே."

தொட்டி இருந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாளி வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து இடுப்பில் ஒற்றிக்கொண்டார். முதல் மாதம் படியேறும்போது சுவரைப் பிடித்தார். இரண்டாம் மாதம் சுவர் இல்லாத இடத்தில் கணவரைப் பிடித்தார். மூன்றாம் மாதம் குனிய முடியவில்லை. தினமும் காலையில் ஒற்றர்தான் வாசலில் மண்டியிட்டு, அவருக்கு ஷூ மாட்டி நாடா கட்டிவிட்டார். கட்டும்போது மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. வெட்கம் என்றே சொல்லிவிடலாம். அதைவிடச் சரியான சொல் அவருக்கும் கிடைக்கவில்லை.

விருது விழா அன்று காலையில் பொறுக்க முடியாமல், குனிந்தபடியே ஷூ நாடாவிடம் சொன்னார்.

"தலைக்குன்னா ஆளுக்குன்னு அர்த்தமாம்."

டிரைவரம்மா மெதுவாக, "ஏழாவது கேள்வியா?" என்றார்.

"ஆமா."

"சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமேங்க அது."

"எனக்கு நான்காம் வேற்றுமை தெரிஞ்சிருந்துச்சு. அதனால தெரியல."

"அந்த ஒரு எழுத்துக்காகவா மூணு மாசமா என்னை முக்காலியில உட்கார வெச்சீங்க?"

"உருபு" என்று திருத்த வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சோதனைக்கு இன்னும் இருபத்தோரு நாள் இருக்கு. முதல்ல மூணே வாரத்துல சரியாச்சு. இன்னிக்கே ஆரம்பிச்சா இப்பவும் சரியாயிடும். சாயங்காலம் அவங்க வரும்போது சொல்லிடுங்க. நான் குடைக்குக் காவல் இருக்கப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு டிரைவரம்மா கதவைப் பிடித்து எழுந்து, வேலைக்குப் போனார்.

விழா ஐந்து மணிக்கு. சிக்கன அதிகாரி வந்தார். அவருடைய மேலதிகாரி வந்தார். ஒரு புகைப்படக்காரர் வந்தார். அக்கம்பக்கத்தார் மதில்மேல் ஏறிக்கொண்டார்கள். அன்று முத்திரை வைத்த இரண்டு ஊழியர்களும் அதை வெட்டி மூடியைத் தூக்கியதும், மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்த ஆவி குப்பென்று எழுந்தது. கண்ணாடிபோல் நீர். உள்ளே இருபத்திரண்டு துளைகளையும் எண்ணலாம். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இவ்வளவு நீரையும் சேமிச்சிட்டீங்க!" என்று தழுதழுத்தார் மேலதிகாரி. "அடுத்து இதை என்ன செய்வீங்க?"

"கொட்டணும் சார்" என்றார் ஒற்றர். "மூணு மாசமானா மாத்தியாகணும். கையேடு, பக்கம் நாற்பத்தொண்ணு."

"யாரும் பயன்படுத்தாமலே?"

"பயன்படுத்தாமலே."

"அற்புதம்!" என்றார் மேலதிகாரி. சிக்கன அதிகாரியின் பக்கம் திரும்பி, "இதைக் குளியலறைகளுக்கும் விரிவுபடுத்த முடியுமான்னு பாருங்க" என்றார்.

பிறகு விருதுப் பலகையை நீட்டினார்கள். 'நீர்ச் செம்மல்.' 'ச்' இருந்தது. கீழே 'மாதிரித் தொட்டி'; 'த்' இருந்தது. நான்கு வரியில் ஒரு பிழை இல்லை. "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் சிக்கன அதிகாரி. சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தை 'தப்பாகப் படித்துவிட்டேன்' என்பது ஒற்றருக்குத் தெரியும். தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் புகைப்படக்காரர் "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார். சிரித்தார்.

சிரிப்பு முடிவதற்குள் டிரைவரம்மா வந்துவிட்டார். சீருடையோடு, மதிலைப் பிடித்துப் பிடித்து, கூட்டம் தானாக விலக, பதினேழாம் எண் வண்டியைப் போலவே நிதானமாக வந்து தொட்டி ஓரத்தில் நின்றார். கணவரின் கையிலிருந்த பலகையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். சொல்லவில்லை என்பது தெரிந்துவிட்டது.

"நாடாவை அவிழ்த்து விடுங்க" என்றார்.

மேலதிகாரி, சிக்கன அதிகாரி, மதில்மேல் பாதித் தெரு, எல்லோருக்கும் முன்னால் நீர்ச் செம்மல் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மண்டியிட்டார். அவிழ்த்தார். இடது. வலது. அந்த மூன்று மாதத்தில் அவர் செய்த உருப்படியான பராமரிப்பு அது.

"சார், என்ன பண்றீங்க?" என்று பதறினார் சிக்கன அதிகாரி. "அம்மா, அது மாதிரித் தொட்டி! இறங்கக் கூடாது!"

டிரைவரம்மா சீருடையோடு இறங்கினார். குளிப்பதற்கு முன் குளிக்கவில்லையே என்று சொல்ல ஒற்றருக்கு நாக்கு துடித்தது, அதிசயமாக அடங்கிற்று. நீர் விளிம்புக்கு ஏறி, வழிந்து, மேலதிகாரியின் காலணிகளை இதமாக நனைத்தது. இருபத்திரண்டு துளைகளும் சீறின. "ஸ்ஸ்... அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டார் டிரைவரம்மா. மதில்மேலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

சிக்கன அதிகாரி கடமை தவறாதவர். பையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை உருவினார்.

"அம்மா, கண்காணிப்புக் காலத்துல ஒரு பயன்பாடு நடந்துபோச்சு. பதிவு பண்ணியாகணும். தலைக்கு எத்தனை லிட்டர்னு போடட்டும்?"

"தலைக்கு இல்ல சார். இடுப்புக்கு."

"அப்படி ஒரு கட்டம் இல்லீங்களே!"

"அப்போ முன்னாடி எப்படிப் போட்டாங்களோ அப்படியே போடுங்க. அதையும் இவரு எப்படிப் போட்டாருன்னு இவரையே கேளுங்க."

ஒற்றர் எழுந்தார். முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன. நனைந்த பிறகு முக்காடு எதற்கு? "நான் தப்பாப் படிச்சிட்டேன் சார்" என்றார். "தலைக்கு ஊத்திக்கிறோமான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன். நாங்க கழுத்து வரைக்கும்தான். குறிப்புல எழுதியிருக்கேன்."

அலுவலகம் முதல்முறையாகக் குறிப்பைப் படித்தது. மேலதிகாரியும் சிக்கன அதிகாரியும் துணிக்கொடிக்குக் கீழே ஒதுங்கி அவசரக் கூட்டம் நடத்தினார்கள். பூஜ்யத்தை ரத்து செய்ய விதியில் இடமில்லை. விருதைத் திரும்பப் பெறவும் படிவம் இல்லை. தவிர, சராசரி கெட்டுவிடும். இரண்டு நிமிடத்தில் முடிவுக்கு வந்தார்கள்.

"ஒண்ணும் கெட்டுப்போகலம்மா" என்று கனிவோடு வந்தார் சிக்கன அதிகாரி. "நீங்க எந்திரிச்சு வெளிய வந்துட்டீங்கன்னா, மறுபடி மூடி, சீல் வெச்சு, புதுசாக் கண்காணிப்புக் காலத்தை ஆரம்பிச்சிடலாம். பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கும். இன்னும் மூணே மாசம்."

ஒற்றர் இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டார். "மூட விடமாட்டேன் சார்" என்றார். ஆனால் அலுவலகத்தின் ஊழியர்கள் இருவரும் ஏற்கெனவே அரக்கை உருக்க ஆரம்பித்திருந்தார்கள்.

டிரைவரம்மா கண்ணைத் திறக்கவில்லை. குமிழிகளுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இன்னொரு தரம் இதை மூடிப் பாருங்க. இந்த மனுஷரையும் உங்க அலுவலகத்தையும் சேர்த்து ஒரேயடியாத் தலைமுழுகிடறேன்."

சிக்கன அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேனா படிவத்தின் ஏழாவது கட்டத்துக்கு மேல் போய் நின்றது.

"தலைமுழுகறதா? ஐயையோ, அதுக்கு எத்தனை லிட்டர் ஆகும்மா?"

"அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணிகூட வேண்டாம் சார்."

சிக்கன அதிகாரியின் முகம் மலர்ந்தது. கட்டத்தில் அழகாக, வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டார். நீர் நிர்வாக அலுவலகம் இதுவரை பதிவு செய்தவற்றுள் உண்மையான பூஜ்யம் அது ஒன்றுதான்.